நாலு ஜிபி ஆனதும் நறுக்கென்று வெட்டும் ட்ரோன்

பதினாறு நிமிடம் ஒரே மூச்சாகப் படம் பிடித்துவிட்டு, மெமரி கார்டைக் கணினியில் செருகிப் பார்த்தால், ஒரு வீடியோ இருக்க வேண்டிய இடத்தில் மூன்று வீடியோ இருக்கும். ட்ரோன் வாங்கிய புதிதில் இதைப் பார்த்துப் பயப்படாதவர்கள் குறைவு. கார்டு போய்விட்டதா, பட்டனைத் தெரியாமல் அமுக்கிவிட்டோமா, ட்ரோனே டூப்ளிகேட்டா என்று வரிசையாகச் சந்தேகம் வரும். அப்படி எதுவும் இல்லை. எல்லாம் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. இந்த வெட்டுக்குக் காரணம் 1981-இல் எடுத்த ஒரு முடிவு!

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், கதை சுவாரசியமானது.

கல்யாண வீட்டு மொய் நோட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு வரியில் பெயர், ஊர், தொகை. தொகை எழுத நாலே நாலு கட்டம்தான் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். 9,999 ரூபாய் வரை பிரச்சினை இல்லை. தாய்மாமன் வந்து இருபதாயிரம் எழுதச் சொன்னால்? எழுத இடம் கிடையாது. ஒன்று நோட்டை மாற்ற வேண்டும், இல்லையென்றால் அவர் பெயரையே மூன்று வரியில் எழுதித் தொகையைப் பிரித்துப் போட வேண்டும்.

மெமரி கார்டிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி, அதாவது 32 பைட். அதில் கோப்பின் பெயர், தேதி, கார்டில் எங்கே ஆரம்பிக்கிறது போன்ற விவரங்களோடு, கோப்பின் அளவை எழுத 4 பைட் ஒதுக்கியிருக்கிறார்கள். நாலு பைட்டில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 4,294,967,295. இதைத்தான் நாம் 4 ஜிபி என்கிறோம். இந்த நாலு பைட் கட்டம் 1981-இல் ஐபிஎம் பிசியோடு வந்த டாஸில் இருந்தே தொடர்கிறது. அன்றைய பிளாப்பி டிஸ்கின் கொள்ளளவு 160 கிலோபைட். அந்தக் கட்டத்தில் எழுதக்கூடிய அளவுக்கு ஒரு கோப்பு இருந்தால் அதை வைக்க 26,000-க்கும் மேற்பட்ட பிளாப்பிகள் வேண்டும். அன்றைக்கு இதைக் கஞ்சத்தனம் என்று யாராவது சொல்லியிருப்பார்களா? ஊதாரித்தனம் என்றுதான் சொல்லியிருப்பார்கள் :-)

1996-இல் விண்டோஸ் 95-இன் திருத்தப் பதிப்போடு ஃபேட்32 வந்தது. பெரிய டிஸ்குகளைக் கையாள நிறைய மாற்றினார்கள், ஆனால் அந்த நாலு பைட் கட்டத்தில் கை வைக்கவில்லை. 32 ஜிபி வரையிலான எஸ்டி கார்டுகள் இன்றும் இந்த ஃபேட்32 முறையில்தான் வருகின்றன.

இப்போது கணக்குக்கு வருவோம். பல ட்ரோன்கள் 4கே வீடியோவை விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எழுதும். அதாவது விநாடிக்கு 12.5 மெகாபைட். மேலே சொன்ன பெரிய எண்ணை இதால் வகுத்தால் 343 விநாடி, ஏறக்குறைய 5 நிமிடம் 43 விநாடி. அதற்குள் ஒரு கோப்பு நிரம்பிவிடும். 60 மெகாபிட் என்றால் ஒன்பதரை நிமிடம். 150 மெகாபிட் என்றால் நாலு நிமிடம்கூடத் தாங்காது. ஆக, படத்தின் தரம் ஏற ஏற வெட்டும் சீக்கிரம் வரும்.

"நான் 64 ஜிபி கார்டு போட்டிருக்கிறேனே, அதில் ஃபேட்32 கிடையாதே" என்று விவரமானவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகளுக்கான எஸ்டிஎக்ஸ்சி தரம் 2009-இல் அறிவிக்கப்பட்டபோது, மைக்ரோசாஃப்ட் 2006-இல் கொண்டுவந்த எக்ஸ்ஃபேட் முறையைத்தான் அதற்கு எடுத்துக்கொண்டார்கள். எக்ஸ்ஃபேட்டில் அளவு எழுத 8 பைட் உண்டு. நம் ஆயுளில் நிரப்ப முடியாத எண் அது. ஆனாலும் பல ட்ரோன்கள் எக்ஸ்ஃபேட் கார்டிலும் 4 ஜிபியில் வெட்டத்தான் செய்கின்றன. அதே ட்ரோனில் இன்னொருவர் 32 ஜிபி கார்டு போடுவார். அவருக்கு ஒரு மாதிரி, நமக்கு ஒரு மாதிரி என்று எழுதாமல், எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுதிவிட்டால் வேலை சுலபம். புதிதாக வரும் கேமராக்கள் சில இந்த எல்லையைத் தாண்டி எழுதுகின்றன. ஆக, கார்டை மாற்றினால் வெட்டு போய்விடும் என்று நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

இதெல்லாம் ஏதோ கணினிக்காரர்கள் கவலை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன், எங்கள் ஊர் ஏரி விஷயம் வரும்வரை.

செங்கல்பட்டுப் பக்கம் எங்கள் ஊர். ஏரிக்கரை ஒன்றேகால் கிலோமீட்டர் இருக்கும். ஒரு முனையில் கலங்கல், இடையில் மூன்று மதகு. இரண்டாவது மதகை ஒட்டிக் கரை உள்பக்கமாகச் சரிந்துகொண்டு வருகிறது. காரணம், ஏரிக்குள்ளேயே வரப்பு போட்டுச் சிலர் நெல் வைக்கிறார்கள், தண்ணீர் தங்கள் பயிருக்கு ஏறக் கூடாது என்று கரையை அங்கங்கே கிளறியும் விடுகிறார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அக்டோபர் 2 கிராம சபையில் இதைப் படமாகவே காட்டிவிடலாம் என்று முடிவானது. என் கல்லூரி நண்பனிடம் 250 கிராமுக்கும் குறைவான சின்ன ட்ரோன் ஒன்று உண்டு. கலங்கலில் ஆரம்பித்து நாங்கள் இருவரும் கரைமேல் நடக்க, அது எங்கள் தலைக்கு மேலே நடை வேகத்திலேயே வந்தது. பதினாறு நிமிடம். நிறுத்தாமல் எடுக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். இடையில் நிறுத்தினால் 'வேண்டிய இடத்தை மட்டும் எடுத்தான்' என்பார்கள் அல்லவா?

மூன்று கோப்பு வந்தது. முதல் வெட்டு எங்கே விழுந்தது தெரியுமா? 5 நிமிடம் 43 விநாடிக்கு நடை வேகத்தில் 450 மீட்டர் வரும். இரண்டாவது மதகு கலங்கலில் இருந்து சரியாக அங்கேதான் இருக்கிறது!

ஒட்டி ஒரே படமாக்கிவிடலாம்தான். ஒட்டியும் வைத்திருந்தோம், 12 ஜிபிக்குப் பக்கத்தில். ஆனால் பள்ளிக்கூடத்து டிவி ஃபேட்32 பென் டிரைவை மட்டும்தான் படிக்கும். 12 ஜிபி கோப்பை அதில் போடவே முடியாது. எந்தக் கட்டம் ட்ரோனில் வெட்டியதோ அதே கட்டம் பென் டிரைவிலும் வழிமறித்தது. வேறு வழியில்லாமல் மூன்று துண்டாகவே ஓட்டினோம். முதல் துண்டு முடிந்து டிவி இரண்டு விநாடி கறுப்பாகி, அடுத்தது ஆரம்பித்தது. உடனே பின்வரிசையில் இருந்து ஒரு குரல்.

"தம்பி, ரெண்டாவது மதகுகிட்ட வரும்போது மட்டும் படம் நிக்குதே, அங்க என்னாத்த வெட்டிட்டீங்க?"

கேட்டவருக்கு ஏரிக்குள் எத்தனை காணி என்று சபைக்கே தெரியும். ஆனாலும் கேள்வி கேள்விதானே. கூட்டத்தில் பாதிப் பேர் எங்களைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். நண்பன் ஃபேட்32 என்று ஆரம்பித்தான், ஒருவருக்கும் ஏறவில்லை. ரேஷன் கடையில் பில் போட்டு ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்தான் கைகொடுத்தார். "ஏம்பா, கணக்கு நோட்டு தீந்துபோனா அடுத்த நோட்டு எடுத்து எழுதறதில்லையா? மொத நோட்டுல கடைசி வரியும் ரெண்டாவது நோட்டுல மொத வரியும் சரியா வருதான்னு பாருங்கப்பா" என்றார்.

எனக்குத் தோன்றாத யோசனை அது. ட்ரோன் ஒவ்வொரு வீடியோவோடும் ஒரு சப்டைட்டில் கோப்பு எழுதும் (செட்டிங்கில் அதை ஆன் செய்திருக்க வேண்டும், நண்பன் செய்திருந்தான்). அதில் எந்த நேரத்தில் ட்ரோன் எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் இருந்தது என்று வரிவரியாக இருக்கும். மடிக்கணினியில் முதல் கோப்பின் கடைசி வரியையும் இரண்டாவதின் முதல் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். இடம் அதே இடம், நேரம் அடுத்த நேரம். அப்புறம் கோப்பின் அளவுகள். முதல் இரண்டும் 4 ஜிபியை ஒட்டி ஒரே அளவு, கடைசியது மட்டும் சிறியது. கையால் வெட்டியிருந்தால் முதல் இரண்டும் இப்படி 4 ஜிபி விளிம்பில் போய் நிற்காது. அந்த மனிதர் அதற்கு மேல் பேசவில்லை. சர்வேயரை வைத்து அளக்க வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். அளக்க இன்னும் யாரும் வரவில்லை, அது வேறு கதை.

இந்த வெட்டில் ஒரு நன்மையும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். எம்பி4 கோப்பில் படம் ஒரு பகுதி, 'எந்தப் படம் எங்கே இருக்கிறது' என்ற அட்டவணை இன்னொரு பகுதி. கேமராக்கள் வழக்கமாக அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். ட்ரோன் தென்னை மரத்தில் மோதி பேட்டரி கழன்றுவிட்டால் அட்டவணை எழுதப்படாது, கோப்பு முழுவதும் இருந்தும் திறக்காது. துண்டு துண்டாக எழுதினால் முடிந்த துண்டுகள் தப்பித்துவிடும், கடைசித் துண்டு மட்டும்தான் போகும். (அதையும் மீட்க 'அன்ட்ரங்க்' என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. அதே ட்ரோனில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தால் பெரும்பாலும் மீட்டுக் கொடுக்கும்.)

அதே அட்டவணைதான் ஒட்டும் வேலையையும் கொஞ்சம் சிக்கலாக்குகிறது. மூன்று கோப்பையும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோப்பில் கொட்டினால், பிளேயர் முதல் அட்டவணையை மட்டும் படித்துவிட்டு ஐந்தே முக்கால் நிமிடத்தில் நின்றுவிடும். எஃப்எஃப்எம்பெக் அல்லது லாஸ்லெஸ்கட் போன்ற மென்பொருள் அட்டவணைகளைச் சேர்த்துப் புதிதாக எழுதும், படத்தைத் தொடாது. இரண்டும் இலவசம், இரண்டாவது மவுஸாலேயே வேலை செய்ய வசதி. ஒட்டிய கோப்பின் அளவு ஏறக்குறைய மூன்றின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். பாதியாகக் குறைந்திருந்தால் அது ஒட்டவில்லை, மறுபடி சுருக்கி எழுதியிருக்கிறது என்று அர்த்தம். பக்கத்து டவுன் ஸ்டுடியோ ஒன்றில் "ஒரே ஃபைலா ஆக்கித் தரேன்" என்று எங்களுக்குச் செய்து கொடுத்தது அப்படித்தான். வீடியோ அழகாக ஓடியது, ஆனால் மதகில் இருக்கும் அளவுக்கல்லின் எண்கள் கலங்கிப்போயிருந்தன. எங்களுக்கு முக்கியமே அந்த எண்கள்தான். மறுபடி நாங்களே ஒட்டிக்கொண்டோம்.

வரிசை விஷயத்திலும் கண் வேண்டும். டிஜேஐ ட்ரோன்களில் எண் வரிசையாகவே வரும், ஆனால் எது தொடர்ச்சி, எது புதிதாக எடுத்தது என்று பெயரில் தெரியாது, அளவைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கோப்ரோவில் இன்னும் வேடிக்கை. அதில் துண்டு எண் முன்னாலும் வீடியோ எண் பின்னாலும் வரும். பெயர்ப்படி அடுக்கினால் எல்லா வீடியோக்களின் முதல் துண்டுகளும் முதலில் நிற்கும், இரண்டாம் துண்டுகள் அதன் பின்னால். அப்படியே ஒட்டினால் கரகாட்டத்துக்கு நடுவில் கும்பாபிஷேகம் வரும்.

சப்டைட்டில் கோப்பைத் தனியே ஒட்டும்போது, இரண்டாவது துண்டின் நேரம் மறுபடி பூஜ்யத்தில் ஆரம்பிக்கும் என்பதை மறக்கக் கூடாது. முதல் துண்டின் நீளத்தை ஒவ்வொரு வரியிலும் கூட்டினால்தான் படமும் இடமும் பொருந்தும்.

எப்படி ஒட்டினாலும் மூலத் துண்டுகளை அழிக்கவே கூடாது. வழக்கு வியாஜ்யம் என்று போனால் அவைதான் பேசும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும், அதில் கோப்பின் ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. ஒரு பிட் மாறினாலும் மொத்தமும் மாறிவிடும். ஒட்டிய கோப்புக்கும் மூலத்துக்கும் கைரேகை ஒத்துப்போகாது. கார்டில் இருந்து எடுத்த அன்றே மூன்றுக்கும் ஷா-256 போட்டுத் தாளில் எழுதி வைத்துவிட்டோம், ஐந்து நிமிட வேலை.

வெட்டில் ஓரிரு படங்கள் விட்டுப்போகிறதா என்பது ட்ரோனுக்கு ட்ரோன் மாறும். உங்களுடையதைச் சோதிக்க, ட்ரோனைத் தரையிலேயே வைத்து, எதிரே ஃபோனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு ஏழு நிமிடம் பதிவு செய்யுங்கள். முதல் துண்டின் கடைசிப் படத்திலும் இரண்டாவதின் முதல் படத்திலும் என்ன நேரம் காட்டுகிறது என்று பாருங்கள். ஒன்று, பக்கத்தில் மேசை விசிறி ஓட வேண்டும். பறக்கும்போது அடிக்கும் காற்றில்தான் இந்தச் சின்ன ட்ரோன்கள் சூடு ஆறும், தரையில் சும்மா வைத்தால் கொதித்துவிடும்.

அடுத்த முறை எங்கள் ஏரிக்கு நாங்கள் போட்டிருக்கும் திட்டம் சுலபமானது. பதிவைத் தொடங்கிவிட்டுக் கலங்கலிலேயே ஒன்றரை நிமிடம் நின்றுவிட்டு நடக்கப் போகிறோம். முதல் வெட்டு 330 மீட்டரில், வெறும் கரையில் விழும். இரண்டாவது மதகு முழுசாக இரண்டாம் கோப்புக்குள் வந்துவிடும்.