ஐந்து மைல்

1941 கோடையில் லண்டனில் டேவிட் பட் என்கிற இளம் அரசு அதிகாரி அறுநூற்றுச் சொச்சம் புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இரவில் குண்டு போடப் போன பிரிட்டிஷ் விமானங்கள் குண்டை விடும்போது எடுத்த படங்கள் அவை. விமானிகள் திரும்பி வந்து “இலக்கை அடித்தோம்” என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். உண்மையில் எங்கே விழுந்தது என்பதைப் படத்தை வைத்துச் சரிபார்ப்பது பட்டின் வேலை.

அடித்ததாகச் சொன்னவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் இலக்கிலிருந்து ஐந்து மைலுக்குள் போயிருந்தார்கள். தொழிற்சாலைப் புகை மூடிய ரூர் பகுதியில் பத்தில் ஒருவர். நிலவில்லாத இரவுகளில் பதினைந்தில் ஒருவர்.

இதில் என்னை உறுத்துவது அந்த ஐந்து மைல். அந்த ஆரத்தில் வட்டம் போட்டால் சுமார் 200 சதுர கிலோமீட்டர் வரும். அதற்குள் எங்கே போட்டிருந்தாலும் பாஸ். வயலில் விழுந்த குண்டும் கணக்கில் வெற்றிதான்.

நான் முன்பு ஒரு டெலிவரி செயலியில் வேலை பார்த்தேன். பொருள் கொடுத்த இடம் வாடிக்கையாளர் முகவரியிலிருந்து ஐம்பது மீட்டருக்குள் இருந்தால் ‘சரியான டெலிவரி’. அந்தச் சதவீதம் ஏறவே மாட்டேன் என்றது. ஒருநாள் மீட்டிங்கில் மேலாளர், “ஐம்பது ரொம்ப டைட்டா இருக்குப்பா, இருநூறு வச்சுப் பாப்போமே” என்றார். மறுநாள் டேஷ்போர்டு முழுக்கப் பச்சை. வெள்ளிக்கிழமை கேக் வெட்டினோம்.

பிரிட்டன் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். நியாயமாகச் சொன்னால், வழிகாட்டும் ரேடியோக் கருவிகளையும் கொண்டுவந்தார்கள், குறி பார்ப்பதும் மெல்ல மேம்பட்டது. ஆனால் அதற்குக் காத்திருக்கவில்லை, இலக்கைப் பெரிதாக்கினார்கள். 1942 பிப்ரவரி 14 அன்று வந்த உத்தரவு, இனி முதன்மை நோக்கம் எதிரி நாட்டுக் குடிமக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின், மன உறுதியைக் குலைப்பது என்றது. விமானப்படைத் தலைவர் போர்ட்டலுக்கு அதுவும் போதவில்லை. மறுநாளே ஒரு குறிப்பு எழுதினார்: குறி வைக்கவேண்டியது வீடுகள் நெருங்கிய பகுதிகளை, கப்பல் துறைகளையோ விமானத் தொழிற்சாலைகளையோ அல்ல. இது எல்லோருக்கும் தெளிவாகப் புரியவேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

இலக்கே ஒரு நகரம் என்றால் குறி தவறுவது கஷ்டம்.

மார்ச் மாதம் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் லிண்டமன் அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஒரு விமானம் தன் ஆயுளில் சுமார் 40 டன் குண்டு போடும். அது 4,000 முதல் 8,000 பேரை வீடிழக்கச் செய்யும். டிசார்ட், பிளாக்கெட் என்ற இரு விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள். முதலில் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, யாரோ கேட்டுவிட்டார்கள் என்று. அப்புறம்தான் கவனித்தேன்: விடை ஐந்து மடங்கு அதிகம் என்றார் ஒருவர், ஆறு மடங்கு என்றார் மற்றவர். சண்டை பெருக்கலில்தான். (இப்படிப்பட்ட கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எக்ஸெலில் தப்பு கண்டுபிடிப்பவனுக்கு இருக்கும் மரியாதை, ‘இதை எதுக்குச் செய்றோம்?’ என்று கேட்பவனுக்குக் கிடையாது.)

1943 ஜூலை இறுதியில் ஹாம்பர்க். ஒரே இரவில் தீ புயலாக மாறியது. நிலவறைகளில் பதுங்கியவர்கள் அங்கேயே மூச்சுமுட்டி இறந்தார்கள். அந்த ஒரு வாரத் தாக்குதலில் செத்தவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். ஜெர்மனியின் ஆயுத உற்பத்தியோ 1944இல்தான் உச்சத்தைத் தொட்டது.

அதே ஜூலையில் குண்டுவீச்சுப் படையின் ஆய்வுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார் ஃப்ரீமன் டைசன். வயது பத்தொன்பது. பின்னாளில் பெரிய இயற்பியலாளர். அனுபவம் கூடக்கூட உயிர் பிழைக்கும் வாய்ப்பும் கூடும் என்று விமானிகளிடம் சொல்லிவந்தார்கள். டைசன் தரவைப் பார்த்தார். அப்படி எதுவும் இல்லை. முதல் முறை போகிறவனும் முப்பதாவது முறை போகிறவனும் ஒரே விகிதத்தில் செத்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு விஷயத்தையும் அந்தப் பிரிவு கண்டுபிடித்தது. சுடப்பட்ட அமெரிக்க விமானங்களிலிருந்து பாதிப் பேர் குதித்துத் தப்பினார்கள். லங்காஸ்டர் விமானத்திலிருந்து நூற்றுக்குப் பதினைந்து பேர்தான். அதன் அவசரக் கதவின் அகலம் 22 அங்குலம். பாராசூட்டோடு இருட்டில் அதற்குள் நுழைந்து பாருங்கள். டைசனின் சகா ஒருவர் அதைப் பெரிதாக்கச் சொல்லி இரண்டு வருடம் கோப்புகளோடு மல்லுக்கட்டினார். அனுமதி கிடைத்தபோது போர் ஏறக்குறைய முடிந்திருந்தது. அந்தப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் இறந்தவர்கள் 55,573.