கல்லில் கிடக்கும் கணக்கு

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சங்கமிக்கும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் ஆலயச் சுவரில், 11ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழர் காலத்தில் பொறித்த சாசனத்தை நேற்று மாலை மறுபடியும் நின்று பார்த்தேன். 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையின் வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர், பணிப்பெண்கள் ஆகியோரின் ஜீவிதமும், இரவில் எரியும் விளக்கின் எண்ணெய்ச் செலவும்கூட, வருவோர் போவோர் எல்லோரும் காணும்படி கல்லிலே கிடக்கின்றன. உத்திரமேரூரிலோ, கணக்குக் காட்டாத வாரியத்தாரும் அவர்தம் நெருங்கிய பந்துக்களும் குடவோலைத் தேர்தலுக்கே தகுதியற்றவர் என்று பராந்தக சோழர் காலத்துச் சபை விதித்தது. பந்துக்களையும் சேர்த்த அந்தக் கண்டிப்பு எனக்குப் பரம நியாயமாகவே படுகிறது. தர்மப் பணம் வசூலிக்கும் நம் சங்கங்கள், பதிவாளருக்கு ஆண்டுதோறும் அனுப்பும் வரவு செலவை ஊர்ப் பலகையிலும் ஒட்டிவிட வேண்டும். நன்கொடை தந்த நண்பர்களே, கூச்சப்படாமல் கேளுங்கள்.