சன்மைக்கா ஒட்டிய நாள்

32 வருஷம் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவன் நான். அதனால் இதை எழுதவே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

2003 ஐப்பசி. தையில் பெண்ணுக்குக் கல்யாணம். கூடத்து அலமாரிக்கு சன்மைக்கா ஒட்ட ஆசாரி வந்திருந்தார், கூட எடுபிடியாக ஒரு பையன். வெளியே அடைமழை. சாரல் அடித்தால் பசை பிடிக்காது என்று ஜன்னல்களை நானே சாத்தினேன். பசை கெட்டியாக இருந்ததால் ஆசாரி அதில் தின்னர் கலந்தார். பலகையிலும் தகட்டிலும் தடவி, கால் மணி நேரம் உலர விட்டுத்தான் ஒட்ட வேண்டும். அந்தக் கால் மணி நேரமும் உலர்வதெல்லாம் ஆவியாக அறைக்குள்தானே நிற்கும்!

கூடத்து மூலையில், தரையில் மனை போட்டு காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "விளக்கை மலையேத்திடவா?" என்று என் மனைவி கேட்டாள். "எட்டடி தள்ளித்தானே இருக்கு, எரியட்டும்" என்றேன்.

நம் தலைமுறை மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு வாழ்ந்தது. மண்ணெண்ணெய் சுமார் 38 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் தீப்பிடிக்கிற அளவு ஆவி விடும். அதனால் எண்ணெய் இருக்கிற இடத்தில்தான் நெருப்பு என்று மனதில் பதிந்துவிட்டது. தின்னரிலும் இந்தப் பசையிலும் பெரும்பாலும் இருக்கும் டொலுவீனுக்கு 4 டிகிரியே போதும். அதன் ஆவி காற்றைப்போல மூன்று மடங்கு கனம். மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையோடு பரவும். வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறேன், கேள்வித்தாளில் கேட்டும் இருக்கிறேன்.

'புஸ்' என்று ஒரு சத்தம். மூலையிலிருந்து நீலமாக ஒரு தீ தரையில் ஓடி வந்து பசை டப்பாவில் ஏறியது. பையன் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

நான் வாளித் தண்ணீரைத் தூக்கினேன். "தண்ணி வேணாம் சார், மிதந்துக்கிட்டு பரவிடும்!" என்று கத்தினார் ஆசாரி. உளி சுற்றி வந்த சாக்கை நனைத்து டப்பாவின் மேல் போட்டு அமுக்கினார். பள்ளிக்கூடமே போகாத மனுஷர்.

பையனின் இரண்டு பாதமும் கணுக்கால் வரை வெந்துவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் இங்க் பாட்டிலோடு ஓடி வந்தார். அதைத் தடுத்து, குழாயடியில் இருபது நிமிஷம் தண்ணீர் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். பதினோரு நாள் இருந்தான். செலவை நான்தான் ஏற்றேன். அவனுடைய அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்தப் பையன் இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். போன மாதம் கதவுக்கு வார்னிஷ் அடிக்க வந்தான். வந்ததும் ஜன்னல்களைத் திறந்தான். ஃபிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும்போது விழுகிற பொறியே போதும் என்று அதன் பிளக்கையும் பிடுங்கினான். வாடை போகும்வரை எந்த சுவிட்சையும் தொடாதீர்கள் என்று என்னிடம் சொன்னான். அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டான்:

"அம்மா, விளக்கு எரியுதா?"