ஆளிருக்கும் தீவு

நடுத்தர வருவாய்க்காரர்கள் கடல் கடந்து ஒரு தீவுக்குச் சென்று வர நினைப்பது ஆடம்பரமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஆடம்பரமாவதும் ஆகாமல் போவதும் எந்தத் தீவைத் தேர்கிறோம் என்பதைப் பொறுத்தது என்று அவருக்குச் சொன்னோம். அந்தத் தேர்வுக்காக 2025ஆம் ஆண்டின் முதல் நான்கு மாதங்களை நாங்கள் செலவழித்திருந்தோம்.

கையில் இருந்தது சீட்டு எடுத்த பணம், 1,20,000 ரூபாய். போகவேண்டியவர்கள் நாங்கள் இருவரும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகளும். சுயநிதிக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்களுக்குக் கோடை விடுமுறை என்பது பெரும்பாலும் சம்பளமில்லா விடுமுறை. விடைத்தாள் திருத்தும் பணி முடிந்தபின் மே மாத நடுவில் ஒரு வாரம்தான் கிடைக்கும். பணமும் நாளும் இவ்வாறு வரையறுக்கப்பட்டிருந்தன.

முதலில் நினைவுக்கு வந்தது அந்தமான். கடவுச்சீட்டு வேண்டாம், தமிழ் பேசியே காலம் தள்ளலாம். ஆனால் சென்னையிலிருந்து கப்பலில் போக ஏறத்தாழ மூன்று நாள், திரும்பவும் அதே அளவு. எங்கள் ஒரு வாரம் கடலிலேயே கரைந்துவிடும். மேலும் தென்மேற்குப் பருவமழை நம் நாட்டில் முதலில் கால்வைப்பது அங்கேதான், அதுவும் மே மூன்றாம் வாரத்தையொட்டி. அடுத்தது இலட்சத்தீவுகள். அங்கே நுழைய முன் அனுமதி பெறவேண்டும். கொச்சியிலிருந்து புறப்படும் கப்பல்களில் இடம் கிடைப்பது எளிதன்று.

மாலத்தீவை நாங்கள் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. அது திரைப்பட நடிகர்கள் தேனிலவுக்குப் போகும் இடம் என்பதே பொது எண்ணம். ஆனால் நிலப்படத்தை விரித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. நாகர்கோவிலில் குடியிருக்கும் எங்களுக்குச் சென்னை எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால்; திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் மாலே சுமார் அறுநூறு கிலோமீட்டர்தான். இந்தியருக்கு முன்கூட்டியே விசா எடுக்கும் தொல்லையும் இல்லை. முதலாம் இராசராசன் வென்றதாக மெய்க்கீர்த்தி கூறும் பன்னிரண்டாயிரம் பழந்தீவுகளை இந்த மாலத்தீவுகள் என்றே ஆய்வாளர் பெரும்பாலோர் கொள்வர். எண்ணிக்கை மிகை, தீவுகள் ஏறத்தாழ ஆயிரத்து இருநூறுதான். அவற்றிலும் மக்கள் வாழ்பவை இருநூற்றுக்குக் குறைவு.

இந்த மக்கள் வாழும் தீவு, வாழாத தீவு என்னும் வேறுபாட்டில்தான் செலவுக் கணக்கின் சூட்சுமம் இருக்கிறது. 1972இல் அங்கே சுற்றுலா தொடங்கிய பின், ஆளில்லாத் தீவு ஒன்றுக்கு ஓர் உல்லாச விடுதி என்ற முறை வளர்ந்தது. வெளிநாட்டுப் பயணி ஊர்மக்களோடு கலவாமல் வந்து போகும்படி அரசே வகுத்த ஏற்பாடு அது. 2009ஐ ஒட்டித்தான் மக்கள் வாழும் தீவுகளில் சிறு விருந்தினர் இல்லங்கள் நடத்த வழி பிறந்தது. விடுதித் தீவில் ஓர் இரவுக்கு ஆகும் செலவில் ஊர்த்தீவில் பல நாள் தங்கலாம்.

இதை அறிந்ததும் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. "ஒரே ஒரு ராத்திரி தண்ணிமேல கட்டின அறையில இருந்தாப் போதும்" என்றாள் மகள். நியாயமான ஆசைதான். ஆனால் அந்த ஓர் இரவின் விலையில் இன்னொருவரை அழைத்துச் செல்ல முடியும் என்று கணக்குச் சொன்னது. அந்த இன்னொருவர் எங்கள் அக்காள்.

எங்கள் பக்கத்திலிருந்து மாலத்தீவுப் பள்ளிகளுக்குப் பாடம் சொல்லப் போனவர்கள் பலர். அக்காள் 1994 முதல் 2003 வரை அங்கே ஒரு சிறு தீவில் கணக்கு ஆசிரியை. நாங்கள் முதுகலைத் தமிழ் படித்ததும் இன்று குடியிருக்கும் வீட்டுக்குக் கூரை போட்டதும் அவர் அனுப்பிய பணத்தில். திரும்பியபின் ஒருமுறையும் அவர் அங்கே போனதில்லை. போகவேண்டும் என்று கேட்டதும் இல்லை. மகளிடம் இதைச் சொல்லிவிட்டு முடிவை அவளிடமே விட்டோம். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "பெரியம்மைக்கு பாஸ்போர்ட் இருக்கா?" என்று கேட்டாள்.

நான்கு பேர், மூன்று இரவு, இரண்டு அறை. பசுமை வரி ஊர்த்தீவின் சிறிய இல்லங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 6 டாலர்; எங்களுக்கு மொத்தம் 72. மாலேயிலிருந்து விரைவுப் படகைத் தவிர்த்து ஊரார் ஏறும் ஃபெரியில் போனோம். வெள்ளிக்கிழமை அது ஓடாது என்பதை முன்பே குறித்துவைத்திருந்தோம். காய்கறி இறக்குமதியாவதால் விலை கூடுதல். சூரையும் தேங்காயும் உள்ளூர்ச் சரக்கு. காலையில் சூரைமீன், தேங்காய்த்துருவல், வெங்காயம் பிசைந்த மஸ் ஹுனியும் ரொட்டியும் உண்டால் நண்பகல் தாண்டும். நம்மூர் மாசிக் கருவாட்டை அறிந்தவர்களுக்கு அச்சுவை அந்நியமாகத் தோன்றாது. ஊர்த்தீவில் மது கிடையாது; நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை உண்டு. இரண்டு மாலைகள் மழை பெய்தது.

அக்காளின் பள்ளி மாடி எழுப்பி உருமாறியிருந்தது. முதல்நாள் அவரை அறிந்தவர் எவருமில்லை. மறுநாள் மளிகைக் கடையில் நரைத்த தாடிக்காரர் ஒருவர் ஆங்கிலத்தில், "மிஸ், நீங்கள் எனக்குக் கணக்கில் இருபத்தெட்டு மதிப்பெண் போட்டீர்கள்" என்றார். பிறகு மீதிச் சில்லறையை இருமுறை எண்ணிக் கொடுத்தார். அக்காள் அப்படிச் சிரித்து நாங்கள் வெகுகாலமாகப் பார்த்ததில்லை.

அன்றிரவு படகுத்துறையிலிருந்து தொலைவில் ஒரு விடுதித் தீவின் விளக்குகள் தெரிந்தன. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க தீவுல ராத்திரி கரண்டு நின்னு போயிரும். அங்க மட்டும் விடிய விடிய எரியும். ஒன்பது வருசமும் இங்க இருந்து பார்த்ததுதான்" என்றார் அக்காள். குரலில் குறையேதுமில்லை. மகள் அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

பிழைக்கப் போன ஊரை விருந்தாளியாக மீண்டும் பார்க்கும் வாய்ப்பு நம்மவருள் எத்தனை பேருக்கு அமைகிறது? வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உழைத்துத் திரும்பியவர் இல்லாத தெரு எங்கள் பக்கத்தில் இல்லை. குறைந்த பணத்தில் தீவு தேடும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வோம். விலைப்பட்டியலைப் பார்க்குமுன் அங்கே ஊரார் ஏறும் படகு போகிறதா என்று விசாரியுங்கள். போகுமானால் அங்கே தெருவும் கடையும் பள்ளிக்கூடமும் இருக்கும். உங்கள் பணத்துக்குத் தங்க இடமும் இருக்கும். எங்களுக்கு எல்லாம் போக 1,900 ரூபாய் மிஞ்சியது. அதை மகள் பெரியம்மையிடம் கொடுத்துவிட்டாள்.