உறங்கும் இருதயம்

சென்ற தவணையிலே குருதிச் சுற்றோட்டம் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தோம். மாணாக்கனொருவன் எழுந்து, "ஐயா, இருதயத்தை நிறுத்திவிட்டு மீண்டும் இயக்க முடியுமா?" என வினவினான். "அது பாடத்துக்கு அப்பாற்பட்டது" என்று கூறி அவனை இருத்திவிட்டோம். பின்னரே, அவனுடைய சின்னத் தங்கையின் இருதயக் கீழறைகளுக்கிடையே பிறவித் துவாரம் உண்டென்பதும், சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று என்பதும் எமக்குத் தெரியவந்தன. நாணமுற்றோம். அன்றிரவு நூல்களைப் புரட்டி, மறுநாள் அவனை அருகழைத்து விடை கூறினோம்.

துடிக்கும் இருதயத்துள் தையலிடுதல் அரிது. நிறுத்தினாலோ, குருதி பெறாத தசை விரைவில் நலிவுறும். இதற்குக் குளிரே முதலில் வழிகாட்டியது. குளிர்ந்த உடலுக்கு ஒட்சிசன் குறைவாகவே வேண்டும். 1952 செப்டெம்பர் 2ஆம் நாள் அமெரிக்காவின் மினசோற்றாப் பல்கலைக்கழகத்திலே வைத்தியர் லூயிஸ், ஐந்து வயதுச் சிறுமியொருத்தியின் உடலை 28 பாகை சதமளவுக்குக் குளிர்வித்து, ஏறக்குறைய ஐந்தரை நிமிடத்தில் துவாரத்தை அடைத்தார்.

1953இல் கிப்பன் என்பார் இருதய நுரையீரற் பொறியைக் கொண்டு வெற்றி கண்டார். பொறி உடலைக் காத்தது. இருதயத் தசையைக் காப்பது எது? 1955இல் இலண்டனில் மெல்றோஸ் பொற்றாசியம் சித்திரேற்றினால் இருதயத்தை ஓயச்செய்யும் முறையை வெளியிட்டார். செறிவு மிகுந்தமையால் தசை பழுதுற்றது, முறை கைவிடப்பட்டது. 1970களிலே செறிவு குறைந்த, குளிர்ந்த கரைசல்கள் தோன்றி அதனை மீட்டன. தசை துடியாது ஓய்வதால் அதன் சத்து வீணாவதில்லை.

எனினும் குழந்தை, சிறிய உருவிலுள்ள பெரியவரன்று. அதன் இளந்தசை கல்சியத்தின் மிகுதியைப் பொறுக்காது. ஆதலின் 1990களில் அமெரிக்காவின் பிற்ஸ்பேக்கிலே, ஒரு பங்கு குருதியும் நான்கு பங்கு கரைசலும் கலந்த டெல் நீடோக் கலவை குழந்தைகளுக்கென ஆக்கப்பட்டது. பணி முடிந்து குருதி மீண்டும் பாய, அக்கலவை கழுவப்படுகிறது. இருதயம் தானே துடிக்கத் தொடங்குகிறது.

"அப்படியானால் அது சாவதில்லை, உறங்குகிறது, இல்லையா ஐயா?" என்றான் பையன்.

"ஆம் தம்பி. அவ்வுறக்கத்துக்குக் காவலிருப்போர் கண்ணிமைப்பதில்லை" என்றோம். ஆபத்தே இல்லை என்று மட்டும் கூறவில்லை. பொய்யான ஆறுதல் ஆசிரியனுக்கு அழகன்று.

சத்திரசிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் அவன் வகுப்புக்கு வந்தான். "தங்கை கஞ்சி கேட்டாள், ஐயா" என்றான். அன்று முதல் எந்த வினாவையும் பாடத்துக்கு அப்பாற்பட்டதென நாம் ஒதுக்குவதில்லை.