பூட்டன் பெயரைத் தேடி: சில குறிப்புகள்

புத்தளம் கரையிலுள்ள கல்பிட்டி. 1667இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கோட்டை. பக்கத்திலேயே அவர்களுடைய தேவாலயம், அதனுள் பழைய கல்லறைக் கற்கள். உப்புக் காற்று எழுத்தைத் தின்றுகொண்டே இருக்கிறது. ஜே. பென்றி லூயிஸ் இலங்கை முழுவதிலும் இருந்த இப்படியான கல்லெழுத்துகளைத் தொகுத்து 1913இல் நூலாக்கினார். கல் தேய்ந்த இடத்தில் அந்தப் புத்தகம் கைகொடுக்கும்.

*

இங்கிலாந்தில் 1538 முதல் கோயில் பதிவேடு, 1837 ஜூலை முதல் அரசாங்கப் பிறப்புப் பதிவு. அங்கே தேடுபவர்களுக்குப் பாதை நேரானது. ஆனால் புத்தளம் கரையில் வேலை பார்த்துச் செத்த ஒரு வெள்ளைக்காரரை அவருடைய பேரப்பிள்ளைகள் லண்டனின் இந்தியா அலுவலகப் பதிவுகளில் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். 1796இலிருந்து சில ஆண்டுகள் இந்தக் கரை சென்னையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தது. 1802இல் இலங்கை பிரித்தானிய முடிக்குரிய குடியேற்ற நாடாகிவிட்டது. அதனால் அதற்குப் பிந்திய கடிதங்கள் இந்தியா அலுவலகத்தில் அல்ல, கியூவிலுள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகத்தில், சி.ஓ. 54 என்ற வரிசையில் உள்ளன. அதே 1802இல் தொடங்கிய அரச வர்த்தமானியையும் பார்க்கவேண்டும். தேடும் முன் கேட்கவேண்டிய கேள்வி: அன்றைக்கு இந்த ஊரை ஆண்டது யார்?

*

நம்மவர் கதையும் அதே கேள்வியில்தான் தொடங்குகிறது. தோம்பு என்ற காணிப் பதிவேட்டை எழுதியவனுக்குக் காணியும் வரியும் வேண்டும். ஒல்லாந்தரின் பள்ளிக்கூடத் தோம்புக்கு ஞானஸ்நானமும் கலியாணமும் வேண்டும். எவருக்கும் நம் குடும்பக் கதை வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் அதற்குள் நம் ஆட்கள் இருக்கிறார்கள்.

*

கத்தோலிக்கப் பங்கு ஏடுகளில் ஞானத்தாய், ஞானத்தகப்பன் பெயரை விட்டுவிடக் கூடாது. பெரும்பாலும் அவர்கள் சொந்தக்காரர்கள். தாயின் பக்கம் அங்கேதான் பிடிபடும். பெர்னாந்து, பெர்ணான்டோ, பர்நாந்து எல்லாம் ஒரே வீடாக இருக்கலாம். எழுதியவரின் காது எப்படிக் கேட்டதோ அப்படி. வாய்விட்டு வாசித்துப் பார்த்தால் உறவு தெரியும்.

*

சிலாபம் பக்கத்தில் பூட்டனின் பெயர் தமிழில் எழுதப்பட்டிருக்கும். கொள்ளுப்பேத்தி சிங்களத்தில் படித்தவள். ஏட்டைத் திறந்தும் அவளால் வாசிக்க முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். செய்யத்தக்க உதவி இது.

*

முஸ்லிம் குடும்பங்களுக்கு ஞானஸ்நான ஏடு இல்லை. காணி உறுதி, கடுத்தம் என்ற திருமணப் பதிவு, மூத்தவர்களின் வாய்மொழி ஆகியவைதான் வழி. உறுதியில் முதுசம் யாரிடமிருந்து வந்தது என்ற ஒரு வரி இரண்டு தலைமுறையைக் காட்டிவிடும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த முஸ்லிம்கள் பலர் அந்த உறுதியைக்கூட எடுக்க முடியாமல் வந்தார்கள். அவர்களிடம் காகிதம் கேட்பதற்கு முன் கதை கேட்கவேண்டும்.

*

கல்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கை ஊர்களை அகரவரிசையில் விவரிக்கும் அகராதியொன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஊரின் பழைய பெயர் தெரியாமல் ஏட்டில் ஆளைத் தேட முடியாது. முதலில் அவரைப் புரட்டலாம்.

*

நம் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பாட்டனார் இலங்கையில் பிறந்தவரா என்று கேட்கும் கூடு ஒன்று உண்டு. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் பரம்பரையைக் கேட்டதன் அடையாளம் அது. அந்தச் சட்டம் தோட்டத் தமிழர் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. அந்தக் கூட்டில்தான் இன்று ஒரு பிள்ளை தன் பாட்டனின் பெயரையும் பிறந்த ஊரையும் முதன்முறை வாசிக்கிறது. வேதனையோடுதான் இதை எழுதுகிறேன்.

*

கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போகும் முன் வீட்டில் செய்யவேண்டியது: அம்மம்மாவிடம் பெயர்களைக் கேட்டு, அவர் உச்சரித்தபடியே எழுதிக்கொள்ளுதல். பட்டப்பெயரையும் சேர்த்து. ஏடுகள் காத்திருக்கும், அவர் காத்திருக்கமாட்டார்.