அரைத்த மாவு அரிசியாகுமா?

சுங்குவார்சத்திரத்தில் தொழிற்சாலைப் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்ணின் சம்பளப் பணத்துக்கு இன்று காவல் எது தெரியுமா, அம்மணி? ஒரு பாஸ்வேர்டு! அதை நல்ல நிறுவனம் அப்படியே எழுதி வைக்காது. ஆளுக்கொரு 'உப்பு'ச் சேர்த்து, அரிசியைப்போல் லட்சக்கணக்கான தடவை அரைத்து, மாவைத்தான் வைக்கும். (உப்பு என் கற்பனையல்ல, 1979-லேயே மாரிஸும் தாம்ஸனும் எழுதிய பெயர்.) நீங்கள் மறுபடி தட்டுவதையும் அரைத்து, மாவோடு மாவை ஒப்பிடும். திருடு போனாலும் மாவு அரிசியாகாது.

2009-ல் 'ராக்யூ' என்ற அமெரிக்கக் கம்பெனி அரைக்காமலே வைத்து, 3.2 கோடி பாஸ்வேர்டுகளைப் பறிகொடுத்தது. அதிகம் பேர் வைத்திருந்தது '123456'! அதை எந்த உப்பும் காப்பாற்றாது. திருடன் முதலில் அரைத்துப் பார்ப்பதே அதைத்தானே?

மறந்துவிட்டேன் என்றதும் பழைய பாஸ்வேர்டையே ஒருவர் எடுத்துக் கொடுத்தால் நன்றி சொல்லாதீர்கள். அங்கே அரிசி அரிசியாகவே கிடக்கிறது! அதே சொல்லை வேறெங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ, அங்கெல்லாம் இன்றே மாற்றிவிடுங்கள்.